எழுந்து நின்ற அப்பா

அன்புள்ள ஐயா,

2025 ஜூனில் லார்ட்ஸில் நம் தென்னாப்பிரிக்கா உலக டெஸ்ட் கிரிக்கெட் இறுதிப் போட்டியில் ஜெயித்த அன்று என் மகன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரரே எட்டிப் பார்த்தார். நான் ஸ்கோரைப் பார்த்துவிட்டு டீ போடப் போனேன். 1999 உலகக் கோப்பை அரையிறுதியில், எட்ஜ்பாஸ்டனில் நம் டொனால்ட் ரன் அவுட் ஆகி நாம் வெளியேறியதற்கு இரண்டு நாள் சாப்பிடாதவன் நான். வயதாகிவிட்டதா, அணி மேல் பாசம் விட்டுப்போச்சா?

ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

வயது மேல் பழி போட வேண்டாம். எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஒருவர் இன்னும் ரிமோட்டைச் சுவரில் எறிகிறார்.

டர்பனில் நம் தலைமுறைக்கு இந்த அணி பிறப்போடு வந்ததல்ல. நம் அப்பாமார் கிங்ஸ்மீட் மைதானத்தில் தனியே ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்து, வெளிநாட்டிலிருந்து வந்த அணிக்குக் கை தட்டியவர்கள். வெள்ளையர் மட்டுமே ஆடிய அணியை எப்படி 'நம்ம டீம்' என்பது? 1992 நவம்பரில் இந்தியா இங்கே முதல் டெஸ்ட் ஆட வந்தது, அதே கிங்ஸ்மீடில். பிரவீன் ஆம்ரே அறிமுக டெஸ்டிலேயே சதம் அடித்தார். அப்பா எழுந்து நின்றார். நான் எழவில்லை. வீடு வந்து சேரும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

அன்று பிடித்தது சனி. தென்னாப்பிரிக்கா தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "உன் ஆளுங்க" என்று அப்பா ஆரம்பிப்பாரே, அதுதான் தாங்காது. புதிதாகக் கட்சி மாறியவனுக்குத்தானே தொண்டை அதிகம்.

2003 மார்ச் 3 உங்களுக்கும் மறந்திருக்காது. உலகக் கோப்பை, மறுபடியும் கிங்ஸ்மீட், எதிரே இலங்கை, தலைக்கு மேல் மழை. 45-ஆவது ஓவரில் நம் பவுச்சர் ஒரு சிக்ஸர் அடித்தார். ஸ்கோர் 229. அது போதும் என்று நினைத்துக் கடைசிப் பந்தைத் தட்டி வைத்துவிட்டார். மழையால் ஆட்டம் அங்கேயே நின்றால், 229 சமன் செய்வதற்கான கணக்கு. ஜெயிக்க இன்னும் ஒன்று வேண்டும். மழை விடவில்லை, நாம் வெளியே. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். அப்பா சோற்றில் ஊறுகாயைப் பிசைந்தபடி நிமிராமல் சொன்னார்: "பந்து போட்டது யாரு? முரளிதரன். நம்ம பையன்."

அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.

சில வருடங்களில் அப்பா போய்விட்டார். 2015 உலகக் கோப்பை அரையிறுதி, ஆக்லாந்து. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து நியூசிலாந்துக்கு ஆடிய எலியட், நம் ஸ்டெயின் பந்தைத் தூக்கி சிக்ஸருக்கு அடித்து நம்மைத் தோற்கடிக்கிறார். என் தலை தானாகப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பியது. அங்கே இஸ்திரி போடாத துணி குவிந்து கிடந்தது. டிவியை அணைத்துவிட்டுத் துணியை மடித்தேன். கோபம் வரவே இல்லை.

பாசம் போய்விட்டதென்று எனக்குத் தோன்றவில்லை. லார்ட்ஸில் தசைப்பிடிப்போடு நம் கேப்டன் பவுமா நொண்டி நொண்டி ஓடினாரே, மார்க்ரம் எதிர்முனையில். ஒவ்வொரு ரன்னுக்கும் அவர் காலை எப்படி ஊன்றுகிறார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். 1999-இல் என்றால் ஸ்கோர்போர்டைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் பட்டிருக்காது.

எட்ஜ்பாஸ்டன் அன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

சரி, ஒன்று செய்து பாருங்கள். அடுத்த தடவை இந்தியா கிங்ஸ்மீடுக்கு வந்தால் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களில் எவனாவது சதம் அடித்தால் எழுந்து நின்று கை தட்டுங்கள். பையன் முறைக்கட்டும்.