விடியற்காலையில் கொழும்பு கேட்கிறது: ரேடியோ வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

கேள்வி: அண்ணாச்சி, அடுக்களையில் ஒரு சின்ன ரேடியோ வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் நாகர்கோவில் 101 போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். தை பிறந்ததிலிருந்து, நாகர்கோவில் 101-க்கும் திருவனந்தபுரம் 101.9-க்கும் நடுவில் வெறும் இரைச்சலாகக் கிடந்த இடத்தில் சிங்களப் பாட்டு கேட்கிறது. எட்டரை மணி ஆனால் தானாக நின்றுவிடுகிறது. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் காட்டினேன். "உள்ளே டியூனிங் போச்சு" என்று 450 ரூபாய் வாங்கினார்கள். மறுநாளும் சிங்களம்தான். இப்போது புது செட் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கவா? (தேங்காய்ப்பட்டணம் வாசகி)

பதில்: வாங்காதீர்கள் அக்கா. உங்கள் செட்டுக்கு ஒரு குறையும் இல்லை. விடியும்போது வந்து வெயில் ஏறியதும் போகிற பழுது எந்த ரேடியோவிலும் கிடையாது. மாறுவது கடலின் மேலே இருக்கிற காற்று.

எப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. 100 மீட்டர் கோபுரத்திலிருந்து கிளம்பினால், 10 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஆன்டெனாவுக்குச் சுமார் 54 கி.மீ. வரைதான் தடையில்லாமல் எட்டும். அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். உங்கள் ஊரிலிருந்து கொழும்பு 330 கி.மீ. சாதாரண நாளில் அது கேட்க வழியே இல்லை.

மேலே போகப் போகக் காற்று குளிர்வதுதான் வழக்கம். மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்று அசையாத இரவுகளில் இது தலைகீழாகும். கடலை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்று படுத்திருக்கும். அதன் மேல் கரையிலிருந்து போன வெப்பமான உலர்ந்த காற்று மூடிபோலப் பரவும். மேலே ஏறப் பார்க்கிற அலை அந்த எல்லையில் வளைந்து கீழே திரும்பும். தண்ணீர்க் குழாய்க்குள் போவதுபோல் கடலோடு கடலாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். டிரோபோ டக்டிங் என்பது இதுதான். வெயில் ஏறிக் கடற்காற்று வீசத் தொடங்கியதும் அடுக்குகள் கலந்துவிடும், குழாய் உடைந்துவிடும். உங்கள் எட்டரை மணிக் கணக்கு அதுதான்.

இந்தியக் கரையில் இது புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பம்பாய்க் கரையில் இருந்த 200 மெகாஹெர்ட்ஸ் ராடாரில், வறண்ட கோடை நாட்களில் அரேபியக் கரையே பதிவானது. ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரம் அது.

போன மாசியில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு முட்டம் பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் அசையாமல் கிடந்தது. ரேடியோவின் இழுப்புக் கம்பியில் பனி முத்து முத்தாக நின்றது. "சூரியன் எப்.எம்." என்று ஒரு பெண்குரல். நம்மூர் 93.5 என்றே நினைத்தேன். எண்ணைப் பார்த்தால் அது இல்லை. அடுத்த வாக்கியத்தில் அந்த அறிவிப்பாளரின் தமிழ் காட்டிக்கொடுத்துவிட்டது: இலங்கையில் இதே பெயரில் வேறொரு தமிழ் நிலையம் உண்டு, அதுதான் பேசியது. எட்டேகாலுக்கு முகத்தில் முதல் காற்று பட்டது. பாட்டு இரண்டு முறை அலைந்து, பாதி வரியில் அறுந்தது.

அந்த 450 ரூபாயை விட்டுவிடாதீர்கள். என்ன பாகம் மாற்றினார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம்.

கேள்வி: காலேஜ் படிக்கிறேன். தூரத்து ஸ்டேஷன் பிடிக்கும் டிஎக்ஸ் பொழுதுபோக்கில் இறங்க ஆசை. கையில் 5000 ரூபாய் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் 2000 கி.மீ. தாண்டியெல்லாம் பிடிக்கிறார்கள். அவர்கள் காட்டும் ரேடியோவையே வாங்கவா, கணினியில் செருகி அதையே ரேடியோவாக்குகிற எஸ்டிஆர் டாங்கிள் வாங்கவா? (களியக்காவிளை)

பதில்: முதலில் அந்த 2000 கி.மீ. பற்றி, தம்பி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடையில் நடப்பது பெரும்பாலும் வேறு சங்கதி. தரையிலிருந்து சுமார் 100 கி.மீ. உயரத்தில், அயன மண்டலத்தின் ஈ (E) அடுக்கில் திடீரென அடர்ந்த திட்டுகள் உண்டாகி அலையைத் திருப்பி அனுப்பும். ஸ்போராடிக் ஈ என்பார்கள். நாம் இருப்பது பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி. அந்தக் கோடு பக்கத்தில் போவதால்தான் உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் வைத்தார்கள். 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் அங்கிருந்து போனது. காந்தக் கோடுகள் தரைக்குக் கிடையாக ஓடும் இந்த இடத்தில், அவர்களுக்கு அமைகிற திட்டுகள் அப்படியே நமக்கு அமையாது. அந்த வீடியோவில் தெரிகிற தூரம் அந்த நாட்டு வானத்தின் தூரம். ரேடியோவை வாங்கலாம், வானம் அதோடு சேர்ந்து வராது.

நமக்குக் கிடைத்திருப்பது கடல். கொழும்பும் இலங்கையின் மேற்குக் கரையில் உள்ள மற்ற இடங்களும்; நல்ல நாளில் 600 கி.மீ. தள்ளி மாலத்தீவுக்கும் முயலலாம். இதற்கு வேண்டியது அருகருகே இருக்கிற இரண்டு ஸ்டேஷன்களைப் பிரித்துக் காட்டும் செட். பலவீனமான அலையைப் பிடிப்பதைவிட, பக்கத்து வலுவான அலையை ஒதுக்குவதுதான் உங்கள் ஊரில் கடினம். திருவனந்தபுரம் நிலையங்கள் தலைக்குமேல் இருக்கின்றன.

கடையில் செட்டைக் கையில் வாங்கி அங்கேயே சோதியுங்கள். 101.9 வையுங்கள், திருவனந்தபுரம் தெளிவாகக் கேட்கும். அப்புறம் 102.1-க்குப் போங்கள், பிறகு 101.7. அங்கேயும் அதே திருவனந்தபுரம் கரகரவென்று வழிந்தால் அந்த செட் உங்களுக்கு வேண்டாம், விலை எதுவானாலும். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம் ஆகும். அட்டையில் அச்சடித்திருக்கிற எந்த வாக்குறுதியும் இதற்கு ஈடாகாது.

அலையை எண்களாக்கிப் பிரிக்கிற டிஎஸ்பி சிப் உள்ள கையடக்க செட்களில் இந்தப் பிரிப்பு நன்றாக இருக்கும். டெக்சன் பிஎல்-310இடி, பிஎல்-330 இரண்டிலும் வெளி ஆன்டெனா செருக இடம் உண்டு. அந்தத் துளை இல்லாத செட்டை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். மோனோவுக்கு (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி) மாற்ற வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டீரியோவில் இரைச்சலாக இருக்கிற தூரத்து அலை மோனோவில் பேச்சாகத் தெளியும்.

டாங்கிளுக்கு ஒரு பெரிய நன்மை: இரண்டு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அகலத்தை ஒரே நேரத்தில் திரையில் பார்க்கலாம், பதிவு செய்து பிறகு நிதானமாகக் கேட்கலாம். ஆனால் மலிவான டாங்கிள்கள் 8 பிட் வகை, அதாவது அலையைக் கரடுமுரடாகவே அளப்பவை. வலுவான உள்ளூர் அலை பக்கத்தில் இருந்தால் திணறி, இல்லாத ஸ்டேஷன்களைத் திரையில் காட்டும். பெயர்பெற்ற டாங்கிள்களுக்குப் போலிகளும் ஏராளம். முதலில் கையடக்க செட். ஒரு பருவம் கேட்டுப் பழகிய பின் டாங்கிள்.

கேட்டது எந்த ஊர் என்று அறிய மொழியே முதல் அடையாளம். நேர அறிவிப்பையும் கவனியுங்கள். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். மாலத்தீவு அரை மணி நேரம் பின்தங்கி இருக்கும். புரியாத மொழியில் செய்தி தொடங்கி, உங்கள் கடிகாரத்தில் ஆறரை ஆகியிருந்தால், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அங்கே அப்போது ஆறு மணி.

கேள்வி: வீட்டு மாடியில் ரூபவாஹினி பார்த்த காலத்து ஆன்டெனா பைப்போடு நிற்கிறது. அதையே எப்.எம்.முக்குப் பயன்படுத்தலாமா? அல்லது விளம்பரத்தில் வருகிற "500 கி.மீ. எட்டும்" பூஸ்டர் ஆன்டெனா வாங்கலாமா? (குளச்சல்)

பதில்: அந்த பைப்பைப் பத்திரமாக வையுங்கள். 1982-இல் ரூபவாஹினி தொடங்கியபின் நம் கரையோர வீடுகளில் அப்படி எத்தனை பைப் எழுந்தது! 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகலை மலையில் அவர்களுடைய ஒளிபரப்பி. காற்று அடங்கிய இரவுகளில் படம் தெளிவாக வந்து, மறுநாள் புள்ளி புள்ளியாகப் போனதை வீட்டில் மூத்தவர்கள் சொல்வார்கள். அன்றைக்கே நாம் பார்த்தது இதே டிரோபோவைத்தான், பெயர் தெரியாமல்.

ஆனால் மேலே இருக்கிற குச்சிகளை அளந்து பாருங்கள். சுமார் 80 செ.மீ. நீளம் இருந்தால் அவை 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் தொலைக்காட்சி அலைக்கு வெட்டியவை. எப்.எம்.முக்கு ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு நீளம் வேண்டும். பைப்பை வைத்துக்கொண்டு தலையை மாற்றுங்கள்: தலா 73 செ.மீ. நீளத்தில் இரண்டு அலுமினியக் குழாய், நடுவில் இரண்டு விரல் இடைவெளி, ஒன்றுக்குக் கேபிளின் நடுக்கம்பி, மற்றதற்கு மேல்வலை. வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற டிடிஎச் கேபிளே போதும். அது 75 ஓம், இந்த ஆன்டெனாவும் கிட்டத்தட்ட அதே அளவு. கொழும்பு நமக்குத் தென்கிழக்கே. ஆன்டெனா தன் பக்கவாட்டிலிருந்து வருவதைத்தான் நன்றாக வாங்கும், ஆகவே குழாய்களை வடகிழக்கு–தென்மேற்காக நீட்டுங்கள். மாலத்தீவுக்கு அதையே குறுக்காகத் திருப்ப வேண்டும். நெட்டுக்குத்தாக நிறுத்தியும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பூஸ்டர் வேண்டவே வேண்டாம். நான் ஒரு கடையில் வாங்கி ஏமாந்தேன், அதனால் அழுத்தியே சொல்கிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினதும் டயல் முழுக்க திருவனந்தபுரம்தான், முன்பு லேசாகக் கேட்டுக்கொண்டிருந்த சிங்கள நிலையமும் அடியோடு போயிற்று. அது நல்லதையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், வலுவான உள்ளூர் அலை வந்தால் தானே நிலைகுலையும். "500 கி.மீ." என்பதற்கு எந்த ஆன்டெனாவாலும் பொறுப்பேற்க முடியாது. அந்த வரி அச்சடித்த அட்டைப்பெட்டி கையில் இருந்தால் மட்டும் தூக்கி எறியாதீர்கள், அடுத்த பதிலில் அதற்கு வேலை இருக்கிறது.

பைப் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். சித்திரை இடியும் ஐப்பசி இடியும் நம் பக்கம் பொல்லாதவை. பைப்புக்கு எர்த் போடுங்கள். வானம் கறுத்தால் கேபிளை செட்டிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் டிரோபோவும் வராது, இழப்பதற்கு ஒன்றுமில்லை.

கேள்வி: பாறசாலையில் இருக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு கடையில் வாங்கிய ரேடியோவில் மூன்றாம் நாளே டிஸ்ப்ளே போய்விட்டது. "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள். கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டில் போய் வழக்குப் போட முடியுமா?

பதில்: போக வேண்டியதே இல்லை. 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிற 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பழைய 1986 சட்டத்தில் விற்றவரின் ஊரைத் தேடி ஓட வேண்டியிருந்தது. எல்லையில் வாழ்கிற நமக்கு இந்த மாற்றம் பெரிய நன்மை. உங்களுக்குத் திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தால் போதும்.

பில்லில் இருக்கிற அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டமே சொல்கிறது. பில்லில் காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாள் கணக்கு. ஆகவே இன்றைக்கே கடைக்கு எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். டிஸ்ப்ளே அணைந்திருப்பதை ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். பதில் இல்லையென்றால் 1915. அதன்பிறகே ஆணையம்.

இணையத்தில் வாங்கியவர்களுக்கும் வழி உண்டு: தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இறக்குமதி செட் என்றால் பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அது இல்லாத செட்டுக்கு வாரண்டி கேட்க ஆள் கிடைக்காது. முந்தைய கேள்வியின் பூஸ்டர் போன்றவற்றுக்கு, நடக்காததை நடக்கும் என்று சொல்லி விற்பது தவறான விளம்பரம். அந்த அட்டைப்பெட்டியே சாட்சி.

கேள்வி: புளியரையில் இருக்கிறோம். எங்களுக்கும் கொழும்பு கிடைக்குமா? எந்த ஆன்டெனா வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். நீங்கள் இருப்பது மலையடிவாரம், கடலோ வெகுதூரம். வீட்டுக்குள் கிடைக்கும் என்று சொல்லிப் பணத்தை வாங்குகிறவரை நம்ப வேண்டாம். மாசியிலோ பங்குனியிலோ ஒரு நாள் கன்னியாகுமரிக்கோ குளச்சலுக்கோ போக வேலை இருந்தால், முந்தின இரவே போய்த் தங்குங்கள். காற்றில்லாத விடியற்காலையில் காரைக் கடலைப் பார்த்து நிறுத்தி, இன்ஜினையும் சார்ஜரையும் அணைத்துவிட்டு, கார் ரேடியோவிலேயே 88-இலிருந்து 108 வரை ஒவ்வொரு புள்ளியாகத் திருப்புங்கள். கார் ரேடியோ பல கையடக்க செட்களைவிட நன்றாகப் பிரிக்கும். அங்கே கேட்டுப் பிடித்துப்போனால், செட் வாங்குவதைப் பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள்.