நடந்தால் மட்டும் 85 காட்டுகிறது, கோளாறு எங்கே?

கேள்வி: அறுவை சிகிச்சை முடிந்து எழுந்து நடக்கத் தொடங்கும் நோயாளிகளுக்காக, மணிக்கட்டில் கட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் (இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை ஒளியால் அளந்து சதவீதத்தில் காட்டும் கருவி) ஒன்றை எங்கள் சிறு குழு வடிவமைக்கிறது. படுத்திருக்கும்போது 97, 98 என்று சரியாகக் காட்டுகிறது. நடந்தால் 85-க்கும் 88-க்கும் இடையே இறங்கி அலாரம் அடிக்கிறது. குழுவில் நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் கட்டிக்கொண்டு நடந்தாலும் இதே கதைதான். மூன்று விதமான பில்டர் போட்டுப் பார்த்துவிட்டோம். இன்னும் நல்ல அல்காரிதம் எது?

பதில்: நல்லவேளை, நீங்களே கட்டிப் பார்த்திருக்கிறீர்கள். நோயாளியிடம் மட்டும் பார்த்திருந்தால் அது உண்மையான ஆக்சிஜன் குறைவா என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். அறுவை சிகிச்சைக்குப் பின் நடக்கும்போது நிஜமாகவே குறையலாம். உங்களுக்கும் அதே எண் வருவதால் கருவியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது.

660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி ஆகிய இரண்டிலும், உணரிக்கு வரும் ஒளியில் நாடியோடு ஏறி இறங்கும் (துடிக்கும்) பகுதியைத் துடிக்காத பகுதியால் வகுத்து, வரும் இரு எண்களின் விகிதத்தை எடுக்கிறோம். அதை ஆர் என்போம். தோராயமான சூத்திரம்: செறிவு = 110 − 25 × ஆர். சிவப்பில் துடிப்பு 0.1 சதவீதம், அகச்சிவப்பில் 0.2 சதவீதம் என்றால் ஆர் 0.5, செறிவு 97.5. இப்போது கை ஆடுகிறது. சென்சார் தோலிலிருந்து மயிரிழை விலகி ஒட்டினாலும் இரண்டு ஒளியும் ஒரே அளவில் ஏறி இறங்கும். இரண்டிலும் 0.6 சதவீதம் கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். 0.7-ஐ 0.8-ஆல் வகுத்தால் 0.875. செறிவு 88! அசைவு கூடக் கூட ஆர் 1-ஐ நெருங்கும், திரை 85-ஐ நெருங்கும்.

இதில் உங்கள் அலாரத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. செறிவு உண்மையில் 75-க்கு இறங்கியவரின் எண்ணையும் இதே அசைவு 85 பக்கம் மேலே இழுக்கும்.

1970-களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் டாகுவோ அவோயாகி இந்த முறையைக் கண்டுபிடித்தபோது, அதன் அடிப்படை ஒரே ஒரு அனுமானம்தான்: துடிப்பதெல்லாம் தமனி இரத்தம். நடக்கும்போது சிரை இரத்தமும் அலைமோதுகிறது. அதில் ஆக்சிஜன் குறைவு, அதனால் கணக்கு இன்னும் கெடுகிறது. நடக்கும்போது கை நொடிக்கு ஏறக்குறைய ஒரு முறை வீசும், காலடி இரண்டு விழும். அதாவது நிமிடத்துக்கு 60, 120. இதயத்துடிப்பும் அதே எல்லைக்குள்தான். உங்கள் மூன்று பில்டர்களும் தோற்றதற்கு இதுவே காரணம், நான்காவதும் தோற்கும்.

ஆகவே அல்காரிதத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இடத்தையும் கட்டும் விதத்தையும் பாருங்கள்.

மணிக்கட்டு இந்த வேலைக்கு மோசமான இடம். துடிப்பு விரலில் கிடைப்பதைவிடப் பல மடங்கு பலவீனம். விரலை மடக்கினாலே தசைநாண்கள் உள்ளே நகரும். பேட்டரியும் மின்சுற்றுப் பலகையும் மணிக்கட்டிலேயே இருக்கட்டும், சென்சாரை மட்டும் மெல்லிய கம்பியில் விரலுக்கோ மேற்கைக்கோ கொண்டு போக முடியுமா? நெற்றியும் நல்ல இடம்தான். ஆனால் அங்கே அழுத்திப் பிடிக்கும் பட்டை இல்லாமல் ஒட்டினால், நோயாளி தலையைத் தாழ்த்திப் படுக்கும்போது சிரை இரத்தம் தேங்கி எண் பொய்யாக இறங்கும்.

மணிக்கட்டை விடவே முடியாது என்றால், சென்சார் தலையைப் பெட்டியிலிருந்து பிரியுங்கள். கனமான பெட்டி ஒவ்வொரு வீச்சிலும் தன்னோடு சென்சாரையும் இழுக்கிறது. சில கிராம் எடையில், மென்மையான சிலிகோன் மெத்தையில், தோலோடு சேர்ந்தே நகரும் தலையாக அது இருக்க வேண்டும். எல்இடிக்கும் ஒளி உணரிக்கும் நடுவே தோலைத் தொடும் கறுப்புத் தடுப்பு ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் தோலுக்குள் போகாமலேயே ஒளி குறுக்கு வழியில் வந்து சேரும்.

வாரின் இறுக்கத்துக்கு ஒரு எளிய சோதனை. தளர்வாகத் தொடங்கி மெதுவாக இறுக்கிக்கொண்டே துடிப்பின் அளவைக் குறித்து வாருங்கள். முதலில் ஏறும், ஓர் உச்சம் தொடும், பிறகு தமனி நசுங்கி இறங்கும். அந்த உச்சத்தின் அருகே நிறுத்துங்கள். நாள் முழுக்கக் கட்டியிருப்பதால் தோல் புண்ணாகாமல் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

மின்சுற்றில் பலர் தவறவிடும் இடம்: அசைவின் நடுவே தானியங்கிக் கட்டுப்பாடு எல்இடி மின்னோட்டத்தை மாற்றினால் அலையில் படிக்கட்டு போல ஒரு தாவல் விழும். மாற்றிய நேரத்தைக் குறித்து, அந்தத் துண்டைக் கணக்கிலிருந்து விலக்குங்கள். எல்இடிகள் அணைந்த நேரத்திலும் ஒரு அளவு எடுத்து, வெளி ஒளியைக் கழித்துவிடுங்கள்.

சரி, இப்போது அல்காரிதம். அசைவை அளக்கும் ஆக்சிலரோமீட்டரைப் பெட்டிக்குள் வைக்காமல் சென்சார் தலையிலேயே வையுங்கள். நடை போன்ற சீரான அசைவை, அந்த அளவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் தகவமை வடிகட்டி (அடாப்டிவ் பில்டர்) ஓரளவு கழித்துவிடும். விரல் மடக்கல், நடுக்கம் போன்றவற்றில் அதை நம்ப வேண்டாம். இரண்டு ஒளிகளையும் தனித்தனியாகச் சுத்தம் செய்து துடிப்பின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டால் ஆர் மதிப்பே மாறிப்போகும் என்பதையும் கவனியுங்கள். 1990-களில் மாசிமோ நிறுவனம் வேறு வழியில் போனது: ஒரே எண்ணைத் தேடாமல், சாத்தியமான எல்லாச் செறிவுகளையும் சோதித்து, அவற்றில் தமனிக்குரிய உச்சத்தைச் சிரைக்குரியதிலிருந்து பிரித்தெடுப்பது. படித்துப் பாருங்கள், ஆனால் காப்புரிமையைச் சரிபார்த்த பிறகே கை வையுங்கள்.

எந்த அல்காரிதமானாலும் சமிக்ஞை கெட்டிருந்தால் எண் காட்டக் கூடாது. கடைசி நல்ல எண்ணைச் சில நொடிகள் மங்கலாகக் காட்டலாம், அப்புறம் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுதான். சராசரி எடுக்கும் நேரத்தை நீட்டினாலும் அலாரம் அடங்கும். ஆனால் நிஜமான இறக்கமும் தாமதமாகத்தான் தெரியும்.

சோதனைக்கு ஒரு கையை அசையாமல் வைத்து அதில் நம்பகமான கருவி, மறு கையில் உங்களுடையது. செறிவைக் குறைத்துப் பார்க்கும் சோதனையை மருத்துவர் மேற்பார்வையுள்ள ஆய்வகத்தில் மட்டுமே செய்யலாம். ஐஎஸ்ஓ 80601-2-61 தரம், 70 முதல் 100 வரையிலான செறிவில் பிழை 4 சதவீதப் புள்ளிகளுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. கருமையான தோல் உள்ளவர்களையும் போதிய அளவு சேருங்கள். அவர்களிடம் கருவிகள் உண்மையான குறைவைத் தவறவிடுவது அதிகம் என்று 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. முடிவுகளை எழுதும்போது, மொத்த நேரத்தில் எவ்வளவு நேரம் கோடு காட்டியது என்பதையும் பிழையின் பக்கத்திலேயே போடுங்கள். பாதி நேரம் வாய் மூடியிருக்கும் கருவிக்குப் பிழை குறைவாகத்தான் வரும்.