உருவில் ஆணி உண்டா? – கடிதம்

வணக்கம்.
கோழிக்கோடு போனபோது பேப்பூரில் பாதி கட்டிய உரு என்ற பெரிய மரக்கப்பல் ஒன்றைப் பார்த்தோம். வரைபடமும் கிடையாது, ஒரு ஆணிகூட அடிப்பதில்லை என்றார் வழிகாட்டி. அப்படிக் கட்ட முடியுமா? பாய்மரத்தையே காணோம். இந்தக் கலை அழிவது வருத்தமாக இருக்கிறது.
செந்தில்

அன்புள்ள செந்தில்,

வரைபடம் இல்லை என்பது சரி. எல்லாம் மேஸ்திரியின் மனக்கணக்குதான். ஆனால் ஆணி உண்டு. இன்னும் கொஞ்சம் கிட்டப் போயிருந்தால் பலகையில் வரிசையாக இரும்புத் தலைகள் தெரிந்திருக்கும். பழைய நாளில் பலகைகளைத் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். வழிகாட்டி அந்தக் கதையை இந்தக் கப்பலுக்கு மாட்டிவிட்டார். தைத்த கப்பலும் லேசுப்பட்டதல்ல. ஓமானின் சூர் நகரில் கடல் பயணி டிம் செவரின் ஆணியில்லாமல் கட்டிய 'சோஹர்' 1980-ல் மஸ்கட்டில் கிளம்பி, மறு ஆண்டு சீனாவின் குவாங்சோ போய்ச் சேர்ந்தது. மரம் மலபாரிலிருந்து போனது, தைத்தவர்களில் லட்சத்தீவுக்காரர்களும் உண்டு.

எனக்கு ஆணியைவிடப் பெரிய ஆச்சரியம் வேறு. ஏரா என்னும் அடிமரத்தைப் போட்டதும் விலா எலும்பு மாதிரி வங்குகளை நிறுத்தி, அதன்மேல் பலகை அடிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இங்கே தலைகீழ். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி உடம்பை வளைத்தெடுத்துவிடுகிறார்கள். அந்த வளைவு பார்த்துச் செதுக்கிய வங்குகள் அப்புறம்தான் உள்ளே போகின்றன. இடமும் வலமும் பிசகாமல் வருவது கண்ணளவில்! இடுக்குகளில் பஞ்சைத் திணித்து அடைத்தபின், கப்பலைத் தண்ணீரில் இறக்கும் தொழிலாளர்களான கலாசிகளின் முறை. கிரேன் கிடையாது. உருளைக் கட்டை, வடம், மரத்தில் செய்த சுழல் எந்திரம், கூடவே பாட்டு. அத்தனை எடையையும் மெல்ல மெல்லச் சாலியாற்றுக்கு நகர்த்திவிடுவார்கள். 1988-ல் பெருமண் ரயில் விபத்தில் அஷ்டமுடிக் காயலில் விழுந்த பெட்டிகளைக் கரையேற்றவும் மலபார் முஸ்லிம்களான இந்த மாப்பிளைக் கலாசிகள் போனார்கள்.

பாய்மரத்துக்காக வருந்த வேண்டாம். எஞ்சினை ஏற்றுக்கொண்டதால்தான் உரு இவ்வளவு காலம் பிழைத்தது. என் கவலை, வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கத்தார் போன்ற வளைகுடா நாடுகளின் பணக்காரர்கள் என்பது. சரக்கு ஏற்ற அல்ல, உல்லாசத்துக்கு வாங்குகிறார்கள். ஆர்டர் வந்தால் வேலை, வராவிட்டால் கொட்டகை காலி. மேஸ்திரியின் மகன் எந்த நம்பிக்கையில் உளி எடுப்பான்?

மறுபடி போனால் அப்படியே நிலம்பூருக்கும் போய்வாருங்கள். மலபார் கலெக்டர் கனோலி 1840-களில் கப்பல் மரத்துக்காகத் தேக்கு நடவைத்த தோட்டம் அங்கே இருக்கிறது. மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர் வாழ்ந்த வீடு பேப்பூரிலேயே, விட்டுவிடாதீர்கள்.