வண்டிப் பக்கம்: பழைய ஜீப்புக்கு இழுவை கூட்ட என்ன வழி?

கேள்வி: அப்பா காலத்து மகிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். விதை நெல், உர மூட்டை, நடவு ஆட்கள் எல்லாம் அதில்தான் வயலுக்குப் போகிறது. இப்போது நாலு மூட்டை ஏற்றி வாய்க்கால் கரையில் ஏறினாலே திணறுகிறது. பார்வையாக இருக்கட்டும் என்று போன வருஷம் 31 இஞ்ச் டயர் போட்டேன். டீசல் பம்பில் டீசல் அளவைக் கூட்டுகிற ஸ்க்ரூவை அரைச் சுற்று திருகினால் பிக்கப் வந்துவிடும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். திருகலாமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற கருவி) இல்லாத எஞ்சின் அது, தானாக உறிஞ்சுகிற காற்று எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் உள்ளே டீசல் எரியும். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் ஒரு வாரம் பிக்கப் வந்த மாதிரி இருக்கும், பின்னாலேயே கரும்புகை தள்ளும், சைலன்சருக்குப் போகிற புகையின் சூடு ஏறும், அந்தச் சூட்டில்தான் ஹெட் விரிசல் விடுவதும் பிஸ்டன் தலை உருகுவதும். டேஷ்போர்டில் இருப்பது தண்ணீர்ச் சூட்டு முள் மட்டும்தான், புகைச் சூடு அதில் தெரியாது.

உங்கள் வண்டியின் 2112 சிசி பெஜோ எஞ்சின் புதிதில் 62 குதிரைத்திறன் கொடுத்தது. இத்தனை வருஷத்தில் அதில் எவ்வளவு தொலைந்திருக்கிறது, எங்கே தொலைந்தது என்று முதலில் தேடுங்கள். புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன் தொலைந்ததை மீட்டாலே உங்கள் வேலைக்குப் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆக்சிலரேட்டரில் ஆரம்பியுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் பெடலைத் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும், நீங்கள் பானட்டைத் திறந்து பம்ப் லீவர் கடைசி ஸ்டாப்பரில் போய் முட்டுகிறதா என்று பாருங்கள். பழைய ஜீப்பில் லிங்க் தேய்ந்தோ, பெடலுக்கு அடியில் மேட் மடங்கியோ, லீவர் முக்கால் தூரத்திலேயே நின்றுவிடுவது சாதாரணம். காசு செலவில்லாமல் சரி செய்கிற விஷயம் இது.

அப்புறம் ஏர் கிளீனர். நம்ம பக்கம் குறுவை அறுப்பிலும் சம்பா அறுப்பிலும் அறுப்பு மெஷின் கிளப்புகிற தூசியை ஜீப் விழுங்குகிற அளவு டவுன் வண்டிக்கு வராது. எண்ணெய்க் கிண்ணம் வைத்த ஏர் கிளீனராக இருந்தால் கிண்ணத்தைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள், அடியில் சேறு மாதிரி பிசுபிசுப்பாக ஒரு கனம் உட்கார்ந்திருக்கும், மேலே உமித்தூள் மிதக்கும். டீசல் விட்டுக் கழுவி, உள்ளே இருக்கிற கம்பி வலையையும் அலசிக் காயவைத்து, கோடு போட்ட அளவுக்கு மட்டும் புது எண்ணெய் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேலே ஊற்றினால் எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி, பெடலை விட்டாலும் அடங்காமல் ஓட ஆரம்பிக்கும், ஆபத்து. அறுப்புக் காலத்தில் ஏர் கிளீனரை அடிக்கடி திறந்து பார்ப்பது நல்லது. ரேடியேட்டர் முன்பக்கம் அடைத்திருக்கிற சொங்கையும் அப்போதே ஊதிவிடுங்கள்.

மூன்றாவது நாசில், எஞ்சினுக்குள் டீசலைத் தூவுகிற முனை. நாலையும் கழற்றிப் பம்ப் கடைக்குக் கொண்டுபோய் டெஸ்டரில் போடச் சொல்லுங்கள், கூடவே நின்று பாருங்கள். நல்ல நாசில் கையால் அடிக்கும்போது கிர்ரென்று சத்தத்தோடு பூவாகத் தூவி டக்கென்று நிற்கும், மோசமானது நூலாகப் பீய்ச்சிவிட்டு முனையில் சொட்டு கட்டும். சொட்டுகிற டீசல் எரியாமல் புகையாகத்தான் போகிறது, இழுவைக்கு உதவாது. நாசிலைத் திரும்ப மாட்டும்போது டேப்பட் கேப் (வால்வு இடைவெளி), பம்ப் டைமிங் (டீசல் தூவுகிற நேரம்) இரண்டையும் கம்பெனி அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். டைமிங் பின்தங்கியிருந்தால் வண்டி மந்தமாகவே இருக்கும், எஞ்சினும் சூடாகும்.

இவ்வளவும் செய்தும் தேறவில்லை என்றால் எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். குப்குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்கும் அது ஓடுகிற போரும் (சிலிண்டர் சுவர்) தேய்ந்துவிட்டது, கம்ப்ரெஷன் பார்த்துவிட்டு எஞ்சின் வேலைக்குத் தயாராகுங்கள். அந்த நிலையில் மேலே என்ன மாட்டினாலும் பணம் வீண்.

இனி டயர். ஜீப்புக்கு வந்த 6.00-16 டயர் ஏறக்குறைய 28.7 இஞ்ச் உயரம். 31 போட்டதால் சக்கரத்தில் கிடைக்கிற இழுவையில் ஏழெட்டு சதவீதம் போய்விட்டது, எல்லா கியரிலும் எப்போதும். பார்வைக்குப் போட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கழற்றிவிடுங்கள். ஈரக் களிமண்ணில் அகல டயர் சறுக்கும், ஒல்லி டயர்தான் அடி மண்ணைப் பிடிக்கும்.

கரை ஏறும்போது லோ கியர் போடுகிறீர்களா என்று எழுதவில்லை. கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த சின்ன லீவர் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இழுவை தரும், எந்த எஞ்சின் வேலையும் அவ்வளவு தராது. வருஷக்கணக்கில் தொடாமல் இறுகிப் போயிருந்தால் அதைச் சரி பண்ணுங்கள். முன் சக்கரத்தின் நடுவில் (ஹப்) லாக் இருந்தால் அதையும் திருப்பி ஓட்டிப் பாருங்கள். கெட்டித் தார் ரோட்டில் மட்டும் ஃபோர் வீல் போட்டு ஓட்டாதீர்கள்.

கேள்வி: ஜீப்பில் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு கூம்பு ஃபில்டர் போட்டால், சைலன்சரையும் எடுத்துவிட்டால், பவர் கூடுமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: சத்தம் கூடும். டர்போ இல்லாத டீசலில் நல்ல நிலையில் இருக்கிற சைலன்சரை எடுப்பதால் கையில் உணருகிற அளவுக்கு ஒன்றும் வராது. ஆனால் மதகுக் கல்லில் இடித்து நசுங்கிய குழாய், உள்ளே கரி அடைத்த சைலன்சர் என்றால் மாற்றியே ஆக வேண்டும், அதில் நிஜமாகவே வித்தியாசம் தெரியும்.

கூம்பு ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று கொதிக்கிற காற்றைத்தான் இழுக்கும். காற்று 10 டிகிரி சூடாக இருந்தால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும், சித்திரை வெயிலில் பானட்டுக்குள் இருக்கிற சூடு உங்களுக்கே தெரியும். பழைய ஏர் கிளீனரை அப்படியே வைத்து, அதன் வாயிலிருந்து ஒரு ஹோஸ் போட்டு கிரில் பக்கம் கொண்டுவாருங்கள், செலவும் குறைவு, பலனும் உண்டு. வாய் உயரமாக இருக்கட்டும். தண்ணீரில் இறங்கும்போது ஒரு மடக்கு உள்ளே போனாலும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

கேள்வி: பழைய ஜீப்பில் டர்போ மாட்டலாமா, இல்லை பொலிரோ எஞ்சினையே இறக்கிவிடலாமா? கஜா புயலில் விழுந்த தென்னைகளை இழுத்ததிலிருந்து என் வண்டி சோர்ந்துவிட்டது.
— வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: நீங்கள் யோசிக்கிற திசை சரிதான். பொலிரோவில் கம்பெனியே டர்போ வைத்துக் கொடுத்த 2523 சிசி எஞ்சினும் 63 குதிரைத்திறன்தான், ஆனால் அது நிமிஷத்துக்கு 3200 சுற்றில் கிடைக்கிறது. எம்.எம். 540-ல் 62 வர 4500 சுற்று வேண்டும். மரம் இழுக்கவும் சேற்றில் ஏறவும் கீழ்ச் சுற்றில் வருகிற இழுவைதான் தேவை.

ஆனால் சட்டம் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அதே வருஷம் சட்டத்தையும் திருத்தினார்கள். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போது எஞ்சின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல். எஞ்சினை எடுத்துவிட்டு அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகாதீர்கள், முதலில் அங்கே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

டர்போ மட்டும் மாட்டுவது சின்ன வேலை என்று கடைக்காரர் சொல்வார். ஆயில் போகிற லைன், திரும்புகிற லைன், ஹெட் கேஸ்கட், ரேடியேட்டர், கிளட்ச் எல்லாமே அதற்கு ஏற்றபடி மாற வேண்டும். தேய்ந்த எஞ்சினில் அதை வைக்கவே கூடாது. மரம் இழுத்த வண்டி என்கிறீர்கள், முதலில் கிளட்ச் பிளேட்டைப் பாருங்கள். மேட்டில் எஞ்சின் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் குறை எஞ்சினில் இல்லை.

கேள்வி: டீசலில் கலக்கும் பவர் மருந்து பலன் தருமா?
— வாசகர், வேதாரண்யம்

பதில்: குதிரைத்திறன் கூட்டாது. கடலோர ஈரத்தில் பாதி காலியான டேங்கில் நீர் கோத்துக்கொள்ளும், அந்தத் தண்ணீரைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஃபில்டருக்கு அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். சுத்த டீசல் வருகிற வரை விட்டுவிட்டு, ஃபில்டரை மாற்றி, டீசல் லைனில் புகுந்த ஏரை எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள்.