நான்காம் நாள் அலுப்பு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மதுரையில் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அண்மையில் ஒரு குழுவோடு எட்டு நாள் ஆர்மீனியா போய்வந்தேன். யெரெவான், எச்மியாட்சின், கோர் விராப், கார்னி, கெகார்ட், செவான், நோரவாங்க், டாடெவ், ஹக்பாட் எல்லாம் பார்த்தோம். வழிகாட்டிப் பெண் நன்றாகவே பேசினார். 'உலகின் முதல் கிறிஸ்தவ நாடு, 301' என்பதை மட்டும் நாளுக்குப் பத்து முறை சொன்னார். நான்காம் நாளுக்குப் பிறகு எனக்கு எல்லாத் தேவாலயங்களும் ஒன்றுபோலத் தோன்ற ஆரம்பித்துவிட்டன. இருட்டு, வெறும் கல், ஓவியம் கிடையாது. கெகார்டில் ஒரு குடும்பம் நேர்த்திக்கடனுக்கு ஆட்டோடு வந்திருந்தது அதிர்ச்சியாக இருந்தது. சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முன் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது சாப்பிட்ட மெஸ் சாப்பாடு நினைவுக்கு வந்து ஏங்கினேன். அடுத்த ஆண்டு என் தங்கை போக ஆசைப்படுகிறாள். குழுவோடு அனுப்பலாமா, தனியாகப் போகச் சொல்லலாமா? மதநம்பிக்கை இல்லாதவர்களுக்கு இந்தப் பயணத்தில் என்ன இருக்கிறது? யெரெவானில் மாடெனதரான் என்ற சுவடிச்சாலையை முக்கால் மணி நேரத்தில் சுற்றிவிட்டுச் சந்தைக்குப் போனோம். அந்தச் சுவடிச்சாலையில் எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் சில வாரங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். பயண ஆலோசனை சொல்வது என் தொழில் இல்லை.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தங்கை குழுவோடு போகட்டும். மலைப்பாதையில் பஸ் மாறி மாறிப் போவதற்கு அந்த ஊர்மொழியும் தெரியவேண்டும், பொறுமையும் வேண்டும். சாப்பாடு: சுடச்சுட லவாஷ் ரொட்டி, தயிர், பச்சைக்கீரைகள், கத்தரிக்காய், பாலாடைக்கட்டி இத்தனையும் மேசைக்கு வரும் நாட்டில் பட்டினி கிடந்தேன் என்றால் அனுதாபப்பட முடியவில்லை. ஆடு: அதற்கு மதாக் என்று பெயர். குருவானவர் உப்பை மந்திரித்துக் கொடுப்பார், அந்த உப்பைத் தின்னக் கொடுத்த பிறகே வெட்டுவார்கள். கறியை ஏழைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பகிர்ந்துவிட வேண்டும். அழகர்கோயில் வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பனைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் நீங்கள், கிடா வெட்டைக் கண்டு அதிர்ச்சி அடைந்தேன் என்று எழுதுகிறீர்கள். சரி, விடுங்கள்.

'எல்லாம் ஒன்றுபோல' என்றதைத்தான் விட முடியவில்லை. அதைச் சொன்னவர் ஒரு வரலாற்று டீச்சர்.

அது நிலநடுக்க பூமி. கார்னியில் நீங்கள் பார்த்த தூண் கோயில் 1679இல் சரிந்து விழுந்து, சோவியத் காலத்தில் கல் கல்லாகப் பொறுக்கி மறுபடி எழுப்பப்பட்டது. 1988 டிசம்பரில் ஸ்பிதாக் நகரம் தரைமட்டமானபோது ஏறத்தாழ 25,000 பேர் மாண்டார்கள். அந்த மண்ணில் சுவர் தடிமனாகத்தான் இருக்கும், சன்னல் சிறிதாகத்தான் இருக்கும். எச்மியாட்சினில் ஹிரிப்சிமே ஆலயம் 618இல் கட்டியது. அது இன்னும் நிற்கிறதே, எதனால் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இருட்டைப் பற்றிக் குறைப்பட்டிருக்க மாட்டீர்கள். ஓவியம்தான் வேண்டுமென்றால் ஹக்பாட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் அக்தலா இருக்கிறது, சுவர் முழுக்க ஓவியம். உங்கள் பட்டியலில் அது இல்லை.

கெகார்டில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? முக்கிய ஆலயத்தின் முன்மண்டபத்திலிருந்து இடப்பக்கம் நுழைந்தால் முழுக்கப் பாறையைக் குடைந்த அறைகள். ஓர் அறைக்குள் ஊற்று ஓடுகிறது. அடுத்ததில், சுவரில், ஒரு காளைத்தலை வளையத்தைக் கவ்வியிருக்கும். அந்த வளையத்தில் கோத்த சங்கிலி இரண்டு சிங்கங்களின் கழுத்தில் முடியும். கீழே ஒரு கழுகு, அதன் நகத்தில் ஆட்டுக்குட்டி. புரோஷியன் பிரபுக்களின் குலச்சின்னம் அது. கிறிஸ்துவுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் ஒன்றும் இல்லை. காசு கொடுத்தவன் தன் முத்திரையைக் குத்தியிருக்கிறான், அவ்வளவுதான். வெளிச்சம் கூரையின் ஒற்றைத் துளையிலிருந்து மட்டும் வருவதால், கண் பழகச் சில நிமிடம் ஆகும். அந்தச் சில நிமிடத்துக்குள் உங்கள் குழு பஸ்ஸில் ஏறியிருக்கும். மேல்தளத்து மண்டபம் 1288இல் குடைந்தது. அங்கே ஒரு குரல் எழும்பினால் அடங்க நெடுநேரம் ஆகிறது. ஓவியம் இல்லை என்று எழுதிவிட்டீர்கள், அந்த மண்டபத்தில் காதைத் திறந்து வைத்திருந்தீர்களா என்று எழுதவில்லை.

301 விவகாரத்தில் நான் உங்கள் கட்சி. அது மரபுவழி வந்த ஆண்டு. ஆய்வாளர்கள் பலர் 314ஐ ஒட்டித்தான் வைக்கிறார்கள். பத்து முறை சொல்ல வேண்டிய ஆண்டு 405. அதற்கு முன்னே 387இல் ரோமும் பாரசீகமும் ஆர்மீனியாவை ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்துக்கொண்டன. வழிபாடு கிரேக்க மொழியிலும் சிரியாக் மொழியிலும் நடந்தது. கும்பிட வந்தவனுக்கு ஒன்றும் புரியவில்லை. 405இல் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி உட்கார்ந்து ஆர்மீனிய மொழிக்கென்று 36 எழுத்துகளை உருவாக்கினார். 428இல் எஞ்சியிருந்த அரசும் போயிற்று. கணக்குப் பாருங்கள், எழுத்து வந்து கால் நூற்றாண்டு முடிவதற்குள் அரியணை இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் ராஜா இல்லாமல் கிடந்த சனம் எதைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் நின்றது என்று கேட்டால், நான் மலைமேல் மடங்களைக் காட்ட மாட்டேன். நீங்கள் முக்கால் மணி நேரத்தில் சுற்றிவந்த அந்தச் சுவடிச்சாலையைத்தான் காட்டுவேன். மாஷ்டோட்ஸின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் சிலையும் அவர்தான்.

இனி உங்கள் படம். 'பெரிய புத்தகம், பக்கத்திலேயே சின்னப் புத்தகம்' என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். சின்னது 1434ஆம் ஆண்டுப் பஞ்சாங்கம், 19 கிராம். பெரியது முஷ் என்ற ஊரின் மடத்தில் இருந்த பிரசங்கத் தொகுப்பு. ஏறத்தாழ 28 கிலோ, முழுக்கக் கன்றுத்தோல். 1200இல் தொடங்கி 1202 வரை எழுதினார்கள். எழுதி முடித்த கொஞ்ச காலத்திலேயே அது கொள்ளை போயிற்று. முஷ் வட்டாரத்துச் சனங்கள் காசு திரட்டி, 4,000 வெள்ளிக்காசு கொடுத்து அதை மீட்டார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோராக இருந்திருப்பார்கள். கடத்தப்பட்ட ஆளை மீட்பது போலவே ஒரு புத்தகத்தை மீட்டார்கள். இது அந்த நாட்டில் அபூர்வச் செய்தியும் இல்லை. எத்தனையோ ஆர்மீனியச் சுவடிகளின் கடைசிப் பக்கத்தில், யார் எழுதினார், எந்தக் குளிரில் எழுதினார், எந்தப் படை வந்தது, சுவடியை யார் விலைகொடுத்து மீட்டார் என்றெல்லாம் குறிப்பு இருக்கும். எனக்குப் பிரசங்கங்களைவிட அந்தக் குறிப்புகள்மேல்தான் ஆசை.

1915 வந்தது. ஒட்டோமான் அரசு ஆர்மீனியர்களைக் கொன்றும் பாலைவனத்துக்கு விரட்டியும் தீர்த்த ஆண்டு. முஷ் மடம் நாசமானது. தப்பி ஓடிய இரண்டு பெண்கள் அந்தப் புத்தகத்தை எடுத்தார்கள். ஒருவரால் தூக்க முடியாத பாரம். அதனால் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் பாதியை எச்மியாட்சின் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். மற்றவள் வழியிலேயே இறந்துபோனாள். அதற்கு முன் எர்சுரூம் நகரில் ஒரு மடத்து முற்றத்தில் தன் பாதியைப் புதைத்து வைத்திருந்தாள். பின்னால் அதுவும் கண்டெடுக்கப்பட்டு வந்து சேர்ந்தது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடும்போது நாம் எதை எடுப்போம்? பிள்ளை, நகை, கொஞ்சம் அரிசி. 14 கிலோ தோல் புத்தகத்தை எடுப்போமா? டீச்சர், நீங்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறீர்கள். எடுத்ததும் சந்தைக்குப் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வழிகாட்டி இந்தக் கதையைச் சொல்லியிருப்பார், சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். உங்கள் குழு அப்போது சந்தையில் என்ன வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்திருக்கும்.

நம்பிக்கை வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம்.

எட்டு நாளில் நீங்கள் பார்த்தது மிச்சம் மீதியைத்தான், அதைச் சுற்றுலா அட்டவணையில் யாரும் அச்சிட மாட்டார்கள். கோர் விராப்பில், நாட்டைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்த புனித கிரகோரி அடைபட்டுக் கிடந்த பாதாளக்குழியில் ஏணி வழியாக இறங்கினீர்கள் அல்லவா, வெளியே வந்ததும் கண்முன் நிறைந்து நின்ற அராரத் மலை துருக்கியில் இருக்கிறது. 1993இலிருந்து எல்லை மூடிக் கிடக்கிறது. பழைய தலைநகர் அனியும், வான் ஏரித்தீவில் அக்தமார் ஆலயமும் அந்தப்பக்கம்தான். இன்று அசர்பைஜானைச் சேர்ந்த நகிச்செவானில், அராஸ் ஆற்றங்கரையில் ஜுல்பா என்ற ஊர் இருந்தது. பட்டு வணிகர்களின் ஊர். பாரசீகத்து ஷா அப்பாஸ் 1604-05இல் ஊரையே காலிசெய்து, சனங்களை இஸ்ஃபஹானுக்கு ஓட்டிக்கொண்டு போய் அங்கே புது ஜுல்பாவைக் குடியேற்றினான். பழைய ஊரில் இடுகாடு மட்டும் மிஞ்சியது. பின்னல் வேலைப்பாடு செய்த ஆயிரக்கணக்கான கற்சிலுவைகள் அங்கே நின்றன. 2005 டிசம்பரில் சிப்பாய்கள் அவற்றைச் சம்மட்டியால் உடைத்து ஆற்றில் கொட்டுவதை அக்கரையிலிருந்து, ஈரானிலிருந்து, படம்பிடித்தார்கள். அசர்பைஜான் அரசு அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்கிறது.

புது ஜுல்பா வணிகர்கள் பிறகு எங்கெல்லாம் போனார்கள் தெரியுமா? நீங்கள் மெஸ் சாப்பாடு சாப்பிட்டீர்களே, அந்தப் பாரிமுனைக்கு வந்தார்கள். அரண்மனைக்காரத் தெருவில் இருக்கும் ஆர்மீனியர் கோயில் 1772இல் கட்டியது. பாரிமுனையில் வேலை பார்த்த காலத்தில் அந்தத் தெரு வழியாக ஒருநாளாவது போயிருப்பீர்கள். உள்ளே போனீர்களா? போகாமலா ஆர்மீனியாவுக்கு விமானம் ஏறினீர்கள்?

நான் அந்தப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். மதிய வேளையில் அச்சுமையின் நெடியிலிருந்து தப்பித்து அந்தக் கோயில் முற்றத்தில் போய் உட்காருவேன். தரையோடு தரையாகக் கல்லறைகள், நடுவே அலரிமரங்கள். கல்லில் இருக்கும் எழுத்து ஒன்றும் புரியாது. எழுத்துருவை மட்டும் பார்ப்பேன், அது அச்சுக்காரன் புத்தி. அங்கேதான் ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்ற குருவானவரின் கல்லறையும் இருக்கிறது என்று பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஷீராஸில் பிறந்தவர். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த துக்கத்தில் ஊரைவிட்டுத் திரிந்து, கடைசியில் சென்னைக்கு வந்து அச்சகம் வைத்தார். 1794 அக்டோபரில் 'அஸ்தரார்' என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அது. யெரெவானில் இல்லை, இஸ்தான்புல்லிலும் இல்லை, நம் ஜார்ஜ் டவுனில் அச்சானது. 18 இதழ்களோடு நின்றும் போயிற்று. பத்திரிகை நடத்தியவர்களுக்கு அது புரியும், சந்தா சேரவில்லை. அவருக்கும் முன்னால் ஷகாமிர் ஷகாமிரியான் என்ற வணிகர் இதே ஊரில் உட்கார்ந்து, தன் சனத்துக்கு நாடே இல்லாத காலத்தில், வரப்போகும் நாட்டுக்கென்று 521 பிரிவுகள் கொண்ட அரசியல் சட்டத்தை எழுதி அச்சேற்றினார்.

தங்கைக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: டிக்கெட் போடுவதற்கு முன் ஒருநாள் சென்னையில் இறங்கட்டும். நீங்களும் கூட வாருங்கள். முந்தின நாள் ஒரு வரி எழுதினால் போதும், காலையிலேயே பிராட்வேயில் வந்து நிற்கிறேன். மதியத்துக்குமேல் போனால் கதவு சாத்தியிருக்கும். மெஸ் சாப்பாடு என் செலவு.

அன்புடன்.