கரை எங்கே முடிகிறது? அமெரிக்கக் கடலடி நில வழக்குகள்: கேள்வி பதில்

அமெரிக்காவில் கரையோரக் கடலின் அடிநிலம் மாநிலத்துக்குச் சொந்தமா, மத்திய அரசுக்கா? இந்த நெடுங்கால வழக்கைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: தண்ணீருக்கு அடியில் கிடக்கும் மண்ணுக்கு எதற்கு சார் இவ்வளவு சண்டை?

மண்ணுக்கு இல்லை, எண்ணெய்க்கு. கலிஃபோர்னியாவின் சம்மர்லாண்டில் 1890களிலேயே கடலுக்குள் மரப்பாலம் நீட்டி, அதன்மேல் நின்று கிணறு தோண்டினார்கள். ஓதம் (கடல்நீர் அன்றாடம் ஏறி இறங்குவது) எட்டும் நீரின் அடிநிலம் மாநிலத்துடையது என்று 1845இல் பொல்லார்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது திறந்த கடலுக்கும் பொருந்தும் என்றே மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. குத்தகைக்கு விட்டுப் பணமும் வாங்கின.

1947இல் கலிஃபோர்னியா வழக்கின் தீர்ப்பு அதைக் கவிழ்த்தது. தாழ்நீர்க் கோட்டுக்கு, அதாவது ஓதம் இறங்கும்போது நீர் நிற்கும் கோட்டுக்கு, அப்பால் மேலுரிமை (மாநிலத்தின் உரிமைக்கும் மேலான உரிமை) மத்திய அரசுக்கே. கடலோரப் பாதுகாப்பும் வெளிநாட்டு விவகாரமும் அதன் பொறுப்பு என்பது வாதம். எண்ணெய்க்கும் பாதுகாப்புக்கும் போட்ட அந்த முடிச்சு எனக்கு இன்றுவரை முழுதாக ஒப்பவில்லை.

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன். டெக்சஸுக்கு மட்டும் ஒன்பது மைல் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

டெக்சஸ் மட்டுமில்லை, புளோரிடாவின் மேற்குக் கரைக்கும் அதே ஒன்பதுதான். டெக்சஸ் தனி நாடாக இருந்தபோது, 1836இல், தன் எல்லை கடலுக்குள் மூன்று லீக் என்று சட்டம் போட்டது. மூன்று லீக் என்றால் ஒன்பது கடல்மைல், ஏறக்குறைய 16.7 கிலோமீட்டர். 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்தது. அப்படியும் 1950இல் உச்ச நீதிமன்றத்தில் 4-3 என்று தோற்றது.

அப்புறம் விஷயம் தேர்தல் மேடைக்குப் போனது. கடலடி நிலத்தை மாநிலங்களுக்குத் தரும் மசோதாவை அதிபர் ட்ரூமன் 1946இலும் 1952இலும் நிராகரித்தார். தருகிறேன் என்ற அதிபர் வேட்பாளர் ஐசனோவர் 1952 தேர்தலில் டெக்சஸில் ஜெயித்தார். 1953இல் சட்டம் வந்தது: மாநிலத்துக்குப் பொதுவாகக் கரையிலிருந்து மூன்று மைல். மெக்சிகோ வளைகுடா மாநிலங்கள் பழைய எல்லையை நிரூபித்தால் மூன்று லீக் வரை.

1960இல் உச்ச நீதிமன்றத்தில் அந்த நிரூபணம் நடந்தது. டெக்சஸ் தேறியது. புளோரிடா, உள்நாட்டுப் போருக்குப் பின் எழுதிய 1868 அரசியலமைப்பில் மூன்று லீக் என்று குறித்திருந்தது. அதை காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஏற்றிருந்ததால் அதுவும் தேறியது. லூசியானாவின் கதைதான் பரிதாபம். 1812இல் அதைச் சேர்த்துக்கொண்ட சட்டத்தில் ‘மூன்று லீக்குக்குள் உள்ள தீவுகள் உட்பட’ என்று இருந்தது. தீவுகள்தான் உனக்கு, தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டது நீதிமன்றம்!

கேள்வி: கரை வளைந்து நெளிந்து இருக்குமே, மூன்று மைலை எங்கிருந்து அளப்பது?

தாழ்நீர்க் கோட்டிலிருந்து. விரிகுடா குறுக்கே வந்தால் அதன் வாயை ஒரு கோட்டால் அடைத்து, அங்கிருந்து. எது விரிகுடா என்று 1953 சட்டம் சொல்லவில்லை. 1965இல் உச்ச நீதிமன்றம் 1958 ஜெனீவா உடன்படிக்கையின் அளவுகோலைக் கடன் வாங்கியது: வாய் 24 கடல்மைலுக்கு மேல் போகக்கூடாது, உள்ளே நன்றாகக் குடைந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா பாஸ். அங்கேயே கரைக்கும் தீவுகளுக்கும் இடையே உள்ள சான்டா பார்பரா கடற்கால் ஃபெயில்.

மிசிசிப்பி முகத்துவாரச் சேற்றுக்கரை வருடா வருடம் நகரும். கரை நகர்ந்தால் எல்லையும் நகரும் என்று 1969இல் லூசியானாவிடம் சொன்னார்கள். கிணறு தோண்டுகிறவருக்கு இது தலைவலி, எடுக்கும் எண்ணெய்க்கான பங்குத்தொகையை (ராயல்டி) யாரிடம் கட்டுவது? 1986இல் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்றம் ஒருமுறை புள்ளி குறித்துக் கொடுத்தால் அது நகராது என்று ஆக்கினார்கள். கலிஃபோர்னியாவுக்கு அப்படிக் குறித்தது 2014இல்.

கேள்வி: மூழ்கி மூழ்கி எழும் மணல்திட்டு தீவா, இல்லையா?

அலாஸ்காவின் வடகரையில் டிங்கம் சாண்ட்ஸ் என்று ஒரு சரளைத் திட்டு உண்டு. தீவு என்றால் அதைச் சுற்றியும் மூன்று மைல் கிடைக்கும். பக்கத்திலேயே புரூடோ பே எண்ணெய் வயல். 1979இல் தொடங்கிய வழக்கு 1997இல்தான் முடிந்தது. தீவு என்றால் பெரும்பாலும் உயர்நீர் மட்டத்துக்கு (ஓதம் ஏறும்போது நீர் எட்டும் மட்டம்) மேலே நிற்க வேண்டும், இது அடிக்கடி முங்குகிறது, ஆகவே தீவு இல்லை. அலாஸ்காவுக்கு ஏமாற்றம்.

கேள்வி: இந்த வழக்குகளை எந்தக் கோர்ட்டில் போடுகிறார்கள்?

நேரே உச்ச நீதிமன்றத்தில். சாட்சி, வரைபடம் எல்லாம் பார்க்க அது ஒரு சிறப்பு அதிகாரியை நியமிக்கும்.

கேள்வி: புளோரிடாவில் கடலோரம் வீடு வாங்கப் பார்க்கிறோம். நம் மனை எதுவரை?

சராசரி உயர்நீர்க் கோடு வரை. அதற்குக் கீழே மாநிலத்துடையது. ஒருநாள் அலை எங்கே தொட்டது என்பது கணக்கில்லை. நிலவின் சுழற்சியை ஒட்டி 18.6 ஆண்டு உயர் ஓதங்களின் சராசரி எடுப்பார்கள். 1935இல் லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற முறை அது. விற்பவர் கம்பு நட்டுக் காட்டும் இடத்தை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். இந்தக் கோட்டைக் குறித்துத் தரும் சர்வேயரை முதலில் பாருங்கள்.