கேஎல்ஐஏ விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் நகருக்குள்: கேள்வி பதில்

பதிலளிப்பவர் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிவாசி, ஊரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்து வருவதும் வழியனுப்புவதுமாகப் பல ஆண்டுகளாக விமான நிலையம் இருக்கும் சிப்பாங்குக்கும் நகருக்கும் இடையே போய்வருபவர்.

திருச்சியிலிருந்து ஒரு குடும்பத்தலைவி: நாங்கள் பெரியவர்கள் நான்கு பேர் வருகிறோம். விரைவு ரயிலில் வருவதா, காரில் வருவதா?

நால்வர் என்றால் கார்தான். விமான நிலையத்துக்கும் நகரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கும் இடையே ரயில் பாதையின் நீளம் சுமார் 57 கிலோமீட்டர். அதைக் கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடங்களிலும், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடங்களிலும் நடுவில் வேறு எந்த ஊரிலும் நிற்காமல் கடந்துவிடுகிறது. ஆனால் ஒருவழிக் கட்டணம் ஆளுக்கு 55 வெள்ளி (ரிங்கிட்). நால்வருக்கு 220 வெள்ளி. நெரிசல் இல்லாத நேரத்தில் கிராப் செயலி வழியாகக் கார் அழைத்தால், டோல் கட்டணத்தையும் சேர்த்து, பெரும்பாலும் அதில் பாதிதான் ஆகும். அதோடு தங்கும் இடத்தின் வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆளுக்கொரு பெரிய பெட்டி இருந்தால், சாதாரணக் காரின் பின்பகுதியில் இரண்டுக்கு மேல் அடங்காது. என் சித்தி ஒருமுறை வடகப் பொட்டலமும் ஊறுகாய் ஜாடியும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, அசையக்கூட முடியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்தார். ஆறு பேர் அமரும் காரையே கேளுங்கள்.

சென்னையிலிருந்து வரும் மாணவர்: நான் தனியாக வருகிறேன், விடுதி புக்கிட் பிந்தாங்கில் இருக்கிறது. ரயிலில் வந்தால் அரை மணி நேரத்தில் போய்விடலாமா?

கே.எல். சென்ட்ரல் வரைக்கும்தான் அந்த அரை மணிக் கணக்கு. அங்கிருந்து நீங்கள் மோனோரயில் பிடிக்க வேண்டும். அந்த நிலையமோ ரயில் நிலையக் கட்டடத்துக்குள் இல்லை. நூ சென்ட்ரல் பேரங்காடிக்கு ஏறி, அதன் நடுவே பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து, மறுபுறம் வெளியே வந்தால்தான் மோனோரயில் தென்படும். அதில் புக்கிட் பிந்தாங் ஐந்தாவது நிறுத்தம். ஆக, வாசலுக்கு வாசல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கோபுரத்துக்கு அருகே தங்குபவர்களுக்கு இந்த நடை இல்லை, கே.எல். சென்ட்ரலிலேயே கிளானா ஜெயா எல்ஆர்டி (இலகு ரயில்) தடத்தில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி. மஸ்ஜித் இந்தியா பகுதிக்குப் போகிறவர்கள் அதே தடத்தில் இரண்டாவது நிறுத்தமான மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கலாம்.

வேலை நாளின் காலையிலோ, அலுவலகம் விடும் மாலையிலோ தனியாக வந்து இறங்கினால், இத்தனை மாற்றங்கள் இருந்தாலும் நான் ரயிலையே சொல்வேன். மழை பெய்யும் வெள்ளிக்கிழமை மாலையில் நெடுஞ்சாலையிலிருந்து நகருக்குள் நுழைவதற்குள், அந்த ரயில் போய்த் திரும்பிவிடும்.

ஈப்போ வாசகர்: நகருக்குள் வராமலேயே ஈப்போ பேருந்தைப் பிடிக்க வழி உண்டா?

உண்டு. எக்ஸ்பிரஸுக்குப் பதிலாகக் கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலில் ஏறுங்கள். அது சாலாக் திங்கி, புத்ராஜெயா, பண்டார் தாசிக் செலாத்தான் ஆகிய மூன்று இடங்களில் நின்று கே.எல். சென்ட்ரலுக்குப் போகும். பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்கினால், நடைபாலத்தைக் கடந்ததும் டிபிஎஸ் பேருந்து முனையம். இந்த நிலையத்தைப் பலரும் கண்டுகொள்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். ஏனெனில் பத்துமலைக்குச் செல்லும் கேடிஎம் கொமுட்டர் புறநகர் ரயிலும் இங்கே நிற்கிறது.

கிள்ளான் வாசகி: அதிகாலை 2 மணிக்குத் தனியாக வந்து இறங்கும் என் அத்தைக்கு என்ன சொல்வது?

அந்த நேரத்தில் ரயில் ஓடாது. வருகைக் கூடத்தில் "டாக்சி, டாக்சி" என்று தாழ்ந்த குரலில் நெருங்கி, பெட்டியின் கைப்பிடியில் கை வைப்பவர்களுடன் அவர் பேச்சே கொடுக்க வேண்டாம். கூடத்துக்குள்ளேயே உள்ள டாக்சி முகப்பில் செல்லும் இடத்தைச் சொல்லிப் பணம் கட்டினால் சீட்டுத் தருவார்கள், பேரத்துக்கு இடமில்லை. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை கட்டணம் பாதி கூடுதலாக இருக்கும். தனியாக வரும் வயதானவருக்கு அது கொடுக்கத் தகுந்த பணம். மொழிக் கவலையும் வேண்டாம், அத்தை செல்லும் இடத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் போதும்.

சிரம்பான் வாசகர்: மிக மலிவான வழி எது?

பேருந்து. கே.எல். சென்ட்ரலுக்குச் சுமார் 15 வெள்ளி, சாலை சீராக இருந்தால் ஒரு மணி நேரம்.

பினாங்கு வாசகர்: திரும்பும்போது முனையம் மாறிப் போய்விட்டால் விமானத்தைத் தவறவிட்டது போலத்தானா?

பதற்றம் வேண்டாம். இரு முனையங்களுக்கும் இடையே அதே ரயிலில் 2 வெள்ளியில், 3 நிமிடத்தில் போய்விடலாம். அடுத்த ரயிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். கே.எல். சென்ட்ரலிலிருந்து வரும் ரயில் முதலில் முதல் முனையத்தில் நின்று, பிறகே இரண்டாம் முனையத்துக்குச் செல்லும். இரண்டாம் முனையத்துக்குப் போக வேண்டிய ஏர் ஆசியா பயணிகள் முதல் நிறுத்தத்திலேயே எல்லாரோடும் சேர்ந்து இறங்கிவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. அவர்கள் இருக்கையிலேயே அமர்ந்திருந்தால் போதும்.